மூன்று நாள் கழித்துப் போய்ச்சேரும் குண்டு

தோல் பதனிடும் எங்கள் பேட்டைக்கு நடந்த அநியாயங்களை நடந்த வரிசையிலேயே சொல்ல வேண்டும். வரிசை குழம்பினால் லாபம் அநியாயம் செய்தவனுக்குத்தான்.

முதலாவது, கையுறை. சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோலைப் புரட்டுகிறவர்களின் நகங்கள் கழன்று விழுந்த காலத்தில், நாற்பத்தொரு நாள் வேலைநிறுத்தம் செய்து ரப்பர் கையுறை வாங்கினோம். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பெட்டியைப் பிரிக்கலாம் என்றார்கள், போட்டோம், பிரித்தோம், அத்தனையும் இடது கைக்கானவை. இரண்டாவது, மூக்குக் கண்ணாடி. ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற பெண்களுக்கு இலவசமாக வந்தது, யாருடைய கண்ணையும் யாரும் பார்க்கவில்லை, எல்லாம் ஒரே பவர். போட்டுக்கொண்டவர்கள் ஊசியை விரலில் இறக்கிக்கொண்டார்கள், போடாதவர்களுக்கு நன்றி கெட்டவர்கள் என்று பெயர் வந்தது. மூன்றாவது, கன்னியப்பனின் கால். தோல் சுழற்றும் டிரம்மில் சிக்கி ஒரு கால் போன கன்னியப்பனுக்குச் செயற்கைக் கால் கொடுத்தவர்கள் அளவெடுக்க ஆள் அனுப்பவில்லை, போட்டோ அனுப்பு என்றார்கள், அனுப்பினோம், வந்த கால் நான்கு விரல் நீளம் அதிகம். திருப்பி அனுப்ப வழியில்லாமல், எங்கள் பேட்டர்ன் மாஸ்டர் தேசிங்கு, மிச்சமிருந்த நல்ல காலுக்கு நான்கு விரல் உயரத்தில் ஒரு ஷூ செய்துகொடுத்துக் கன்னியப்பனையே உயர்த்திவிட்டான். நான்காவது, மைக் செட். இது நம்மவர்கள் செய்தது, ஆனாலும் வரிசையிலிருந்து எடுக்க மாட்டேன். சங்கத்துக்கென்று வாங்கிய புது மைக் செட்டை அன்றைய பொருளாளர் தன் வீட்டில் வைத்துப் பிரித்து, புதியதை மைத்துனனுக்குக் கொடுத்துவிட்டு, ஒரு பழையதைப் பெட்டிக்குள் வைத்து ஒட்டி எங்களிடம் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு நான் எழுதி நிறைவேற்றிய விதி இது: சங்கத்தின் பொதுப்பொருள் எதுவானாலும், இருபத்தொரு நாள் முன்னறிவிப்புக் கொடுத்துக் கூட்டிய பொதுக்குழுவின் கண் முன்னால்தான் அதன் சீல் உடைக்கப்பட வேண்டும். இருபது வருஷத்தில் அந்த விதி ஒரு தடவைகூட மீறப்படவில்லை. இந்த மாவட்டத்தில் வேறெந்தச் சங்கமும் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது.

ஐந்தாவது, வாலண்டினாவின் துப்பாக்கி.

வாலண்டினா எங்கள் ஜெயவேலுவின் மகள். ஜெயவேலு பதினாறு வருஷம் சங்கத்தில் என்னோடு நின்றவன், கழிவுத் தொட்டியில் இறங்கி ஏறாமல் போனவன். கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டால் பூசாரி தடுமாற வேண்டும் என்பதற்காகவே அவன் மகளுக்கு அந்தப் பெயரை வைத்தான். அவன் மனைவி அஞ்சலை ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறாள். பெண், கல்லூரி என்.சி.சி.யில் ஏர் ரைபிள் பிடிக்கக் கற்றுக்கொண்டாள். பத்து மீட்டர் தூரத்தில் ஓர் அட்டை, அட்டையின் நடுவில் கடுகைவிடச் சிறியதாக ஒரு புள்ளி, அந்தப் புள்ளியை நின்றுகொண்டே அடிக்க வேண்டும். பல கை பட்டுத் தேய்ந்த கல்லூரித் துப்பாக்கியை வைத்துக்கொண்டே அவள் அதை அடித்தாள். அரசு நிறுவனம் ஒன்று விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரே ஒரு துப்பாக்கி சுடும் பெண்ணை எடுக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. தேர்வு மார்ச் மாதம் சென்னையில். அவளுக்கு வயது வரம்பு ஏப்ரலோடு முடிகிறது. அந்த இடம் கிடைத்தால் அரசாங்க வேலை, கிடைக்காவிட்டால் தாய் உட்காரும் வரிசையில் தாய்க்குப் பக்கத்துத் தையல் மெஷின். பேட்டையில் யாருக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

கல்லூரித் துப்பாக்கியின் காற்றுச் சிலிண்டர் பத்து வருஷத்தைத் தாண்டிவிட்டது, அப்படிப்பட்டதைத் தேர்வில் அனுமதிக்க மாட்டார்கள். ஆகவே உலகத்தில் எதை வைத்துப் பெரிய பந்தயங்களில் ஜெயிக்கிறார்களோ அதையே வாங்குவது என்று சங்கம் தீர்மானம் போட்டது, ஆளுக்கு ஒரு நாள் கூலி, எதிர்த்து ஒரு கைகூட உயரவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, மலிவான ஏர்கன்னைக் கடையில் எடுத்துத் தோளில் வைத்துப் பார்க்கலாம், பொருட்காட்சியில் பலூனைச் சுட்டுப் பார்க்கலாம், ஆனால் விலை உயர்ந்த ஏர்கன்னை யாரும் தொட்டுப் பார்த்து வாங்க முடியாது என்பது. டெல்லியிலிருந்த முகவருக்குக் கடை கிடையாது, ஒரு போன் நம்பரும் நான்கு படமும் ஒரு படிவமும்தான் உண்டு. கை நீளம் எவ்வளவு, கழுத்து உயரம் எவ்வளவு, கன்ன எலும்பிலிருந்து கண் எவ்வளவு தூரம், உள்ளங்கை சின்னதா நடுத்தரமா பெரிதா, மரமா அலுமினியமா, விசை எவ்வளவு லேசாக இருக்க வேண்டும் என்று படிவம் கேட்டது, அதை வைத்து வெளிநாட்டில் செய்து அனுப்புவார்களாம். ஏற்கெனவே வாங்கிய மூன்று பேரைத் தேடிப் போனோம். ஒருவர் போலீஸ் இன்ஸ்பெக்டர், அவர் துப்பாக்கியின் பின்கட்டை நீளமாக வந்துவிட்டதால் ஒரு வருஷம் கொக்கு மாதிரிக் கழுத்தை நீட்டிப் பழகினாராம். இன்னொருவர் டாக்டர் வீட்டுப் பிள்ளை, கைப்பிடி பெரிதாக வந்ததை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்துத் தன் கைக்குக் கொண்டுவந்தாராம். மூன்றாமவர், முதல் வருஷம் துப்பாக்கிக்கு நம்மைப் பழக்க வேண்டும், அதற்கப்புறம்தான் நமக்குத் துப்பாக்கி என்றார். உங்களுடையதை ஒரு தடவை வைத்துப் பார்க்கலாமா என்று வாலண்டினா கேட்டபோது, பல் துலக்குகிற பிரஷ்ஷைக் கடன் கேட்டதுபோல மூன்று பேரும் பார்த்தார்கள்.

தேசிங்குதான் அளவெடுத்தான். முகம் தெரியாத வெளிநாட்டுக் கால்களுக்கு முப்பது வருஷமாக ஷூ வெட்டுகிறவன் அவன்; அந்தக் கால்காரன் கடைக்குப் போய்ப் போட்டுப் பார்த்து, நாலு தப்படி நடந்து பார்த்து, பிடிக்காவிட்டால் கழற்றி வைத்துவிட்டுப் போகலாம், கழற்றி வைத்த ஷூ எங்கள் கூலியில் பிடித்தமாக வந்து விழும், ஆனால் நாங்கள் எதையும் போட்டுப் பார்க்கக் கூடாது, எங்களுக்கு வருவது வந்தபடிதான். மகளின் கழுத்தில் டேப் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்த அஞ்சலை, “இன்னாண்ணா இது, செருப்பு வாங்கினாகூட கால வுட்டுப் பாத்துட்டுத்தான வாங்குறோம்” என்றாள். தேசிங்கு டேப்பை விடாமலே, “பொண்ணு பாக்காம தாலி கட்டச் சொல்றான். கட்டினப்புறம்தான் ஊமையா இல்லையான்னு தெரியும்” என்றான். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

ஜனவரி கடைசியில் பெட்டி வந்தது. அதைச் சங்கக் கட்டடத்தின் நடு மேஜையில் வைத்து, சீலின்மேல் செயலாளரான நானும் தலைவரும் கையெழுத்துப் போட்டு, பொதுக்குழுவுக்கு இருபத்தொரு நாள் முன்னறிவிப்பு ஒட்டினோம். தினமும் சாயங்காலம் வாலண்டினா வந்து பெட்டியைப் பார்ப்பாள். ஒரு நாள், “பெரியப்பா, ஒரே ஒரு தடவ தூக்கித் தோள்ல வச்சிட்டு அப்படியே வச்சிடட்டா” என்று கேட்டாள். அந்த விதிக்கு உன் அப்பன் இரண்டு கையையும் தூக்கி ஓட்டுப் போட்டான் என்றேன். அவள் சிரித்துவிட்டு, பெட்டியின் மூலையை ஒரு விரலால் தொட்டுவிட்டுப் போனாள். பெட்டியின் அடிப்பக்கத்தில், எறும்பு ஊர்ந்ததுபோல ஆங்கிலத்தில், குறை இருந்தால் பெற்ற ஏழு நாளுக்குள் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தது. பெட்டியைக் கவிழ்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை, தோன்றியிருந்தாலும் நான் விட்டிருக்க மாட்டேன்.

இருபத்திரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலை பொதுக்குழு கூடியது. சீலை எல்லாரும் வந்து பார்த்த பிறகு உடைத்தோம். உள்ளே துப்பாக்கி இருந்தது, கூடவே ஓர் அட்டை இருந்தது. தொழிற்சாலையில் இரும்புப் பிடியில் மாட்டி ஐந்து தடவை சுட்டுப் பார்த்ததற்குச் சாட்சியாம், ஐந்து குண்டுக்கும் சேர்த்து ஒரே ஓட்டை. அவர்கள் சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறார்கள், பார்க்கக் கூடாதவர்கள் நாம்தான். வாலண்டினா எடுத்துத் தோளில் வைத்ததும், பின்கட்டை, கன்னப்பட்டை, கைப்பிடி, எல்லாம் அவள் உடம்பிலிருந்து முளைத்ததுபோல உட்கார்ந்தன, தேசிங்கு கண்ணைத் துடைத்துக்கொண்டான். பத்து மீட்டர் அளந்து அட்டை வைத்தோம். அவள் மூச்சை விட்டு நிறுத்திச் சுட்டாள். சத்தம் கேட்டது. அட்டையில் ஒன்றும் இல்லை.

தவறிவிட்டது என்று நினைத்துச் சுவரைத் தேடினோம், பின்னாலிருந்த பலகையைத் தேடினோம். வாலண்டினா துப்பாக்கியை இறக்கிவிட்டு அதே இடத்தில் நின்றிருந்தாள். கன்னியப்பன் அவள் பக்கத்தில் போய்க் கொஞ்சம் குனிந்து, “தோழரே, குண்டு இங்கதான் கீது” என்றான்.

இருந்தது. துப்பாக்கியின் வாய் இருந்த இடத்தில், எதிலும் தொங்காமல், எதன்மேலும் நிற்காமல், தட்டைத் தலையும் பாவாடை போன்ற பின்பக்கமும் கொண்ட அந்த ஈயக் குண்டு காற்றில் இருந்தது. வெகுநேரம் பார்த்த பிறகு, “நவுருது” என்றாள் அஞ்சலை. கடிகாரத்தின் பெரிய முள் நகர்வதுபோல நகர்ந்தது, மணிக்கு அரை அடிக்குக் கொஞ்சம் குறைவு. தலைவர் நாற்காலியை இரண்டடி தள்ளிப் போடச் சொல்லிவிட்டு, நிகழ்ச்சி நிரலில் அடுத்திருந்த போனஸ் பிரச்சினைக்குப் போனார், பேச எழுந்தவர்கள் குண்டுக்கு இந்தப் பக்கம் நின்று பேசினார்கள், எதிர்த்துப் பேசியவர்கள் அந்தப் பக்கம் நின்று பேசினார்கள், கூட்டம் வழக்கம்போல் மதியம் முடிந்தது.

அது போய்ச் சேர மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளில் அதன் பாதைக்கு இரண்டு பக்கமும் கயிறு கட்டிச் சிவப்புத் துணி தொங்கவிட்டோம். தேசிங்கு ஷூவின் அடித்தோல் துண்டு ஒன்றைக் குறுக்கே பிடித்துப் பார்த்தான், குண்டு நிற்கவும் இல்லை விலகவும் இல்லை, டீ குடிக்கிற நேரத்தில் தோலைத் துளைத்துக்கொண்டு தன் வழியே போயிற்று. அந்த ஓட்டையைப் பார்த்துவிட்டு, கம்பெனி பஞ்ச்சில்கூட இவ்வளவு சுத்தம் வராது என்று அவன் சொன்னதிலிருந்து, ஷிப்ட் முடிந்து போகிறவர்கள் பெல்ட்டைக் கழற்றிக் கொண்டுவந்து குண்டின் எதிரில் பிடித்து, இடுப்புக்குத் தக்கபடி ஓட்டை போட்டுக்கொண்டு போனார்கள். மசூதித் தெருவிலிருந்து ஹஜ்ரத் வந்து பார்த்தார், சர்ச்சிலிருந்து பாஸ்டர் வந்து பார்த்தார், இருவரும் செருப்பை வெளியில் விட்டுவிட்டு வந்தார்கள். ஓர் ஏட்டு வந்து, இந்தத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று தெரிந்துகொண்ட பிறகும் போக மனமில்லாமல் நின்று, சுட்டாயிற்று ஆனால் இன்னும் படவில்லை என்பதை எந்தப் பிரிவில் எழுதுவது என்று யோசித்து, “பட்டதும் சொல்லி அனுப்புங்க” என்று கிளம்பினார். பாலிடெக்னிக் வாத்தியார் ஒருவர் டேப்பும் கடிகாரமும் கொண்டுவந்து அரை நாள் அளந்து, வேகம் ஒரே சீராக இருக்கிறது, துப்பாக்கியில் குறை ஒன்றும் தெரியவில்லை என்றார். தாமதமாக வேலைக்கு வருகிறவனைப் பார்த்து, வாடா ஏர்கன் என்று சூப்பர்வைசர்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். சங்கக் கட்டடத்துக்குள் நுழைகிறவர்கள் அந்த இடம் வந்ததும் தலையைக் குனிந்து கடந்தார்கள், காற்றில் எதுவும் இல்லாத இன்றைக்கும் அப்படித்தான் கடக்கிறார்கள்.

புதன்கிழமை காலை, சுட்ட அதே நேரத்துக்கு, அட்டையின் நடுப்புள்ளியில் குண்டின் மூக்கு தொட்டது. காகிதம் உள்வாங்கியது, கிழிந்தது, குண்டு உள்ளே போயிற்று. வாலண்டினா அட்டையை எடுத்து அளவுக் கண்ணாடி வைத்துப் பார்த்தாள். பத்து புள்ளி ஒன்பது, அதற்கு மேல் மதிப்பெண் கிடையாது. யாரும் கைதட்டவில்லை. தேர்வில் அறுபது குண்டு சுட வேண்டும், அதற்குக் கொடுக்கிற நேரம் ஒன்றேகால் மணி.

அற்புதம் என்று சொல்லித் தீர்மானம் போட வேண்டும் என்று மூன்று பேர் திருத்தம் கொண்டுவந்தார்கள், திருத்தம் தோற்றது, இதைச் சங்கம் ஓர் உற்பத்திக் கோளாறாகவே கருதுகிறது என்று எழுதி நிறைவேற்றினோம். அது சரியான நிலைப்பாடு, இன்றைக்கும் அதில் ஓர் எழுத்தை மாற்ற மாட்டேன். டெல்லிக்குப் போன் போட்டபோது முகவர் ரொம்ப மரியாதையாகப் பேசினார், அவர் பூர்வீகம் திருச்சியாம், தமிழிலேயே பேசினார். ஏழு நாள் எப்போதோ முடிந்துவிட்டது என்றார். குறைதான் என்ன என்றார். சொன்னோம். “சார், பத்து புள்ளி ஒன்பது அடிக்குதுன்னு நீங்களே சொல்றீங்க. குறி தப்பாதுன்னுதான் கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கு. எப்பப் போய்ச் சேரும்னு எங்கயாவது எழுதியிருக்கா?” எங்கும் எழுதியிருக்கவில்லை. அப்புறம் அவர் உண்மையிலேயே வருத்தத்தோடு, “வந்த அன்னிக்கே ஒரு ஷாட் சுட்டுப் பார்த்திருந்தீங்கன்னா மாத்திக் கொடுத்திருப்பேன்” என்றார். வாங்குவதற்கு முன்னால் பார்க்கக் கூடாது என்றவர், வாங்கிய பிறகு ஏன் பார்க்கவில்லை என்று கேட்டார்.

போன் ஸ்பீக்கரில் இருந்தது. அஞ்சலை கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் சத்தம் போடவில்லை. “பொட்டி வந்த அன்னிக்கே பிரிச்சிருந்தா ஆயிருக்கும் இல்லண்ணா?” என்று மட்டும் கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இருந்தது, நிறையவே இருந்தது, எல்லாம் மைக் செட்டைப் பற்றியது.

ஆயுசு முழுக்க நான் கம்பெனி கேட்டை மறித்தவன். எவனுக்கு எதிராக நின்றாலும் அவனுக்கு ஒரு கேட் இருந்தது, கேட்டுக்குப் பின்னால் ஒரு கார் இருந்தது, கார் வெளியே வர வேண்டியிருந்தது. இவர்களுக்குக் கேட் இல்லை. முகவரின் விலாசத்துக்கு டெல்லித் தோழர்களை அனுப்பினோம், அது பூட்டிய ஓர் அறை. தொழிற்சாலை கடல் கடந்து எங்கோ இருந்தது, அதற்கு எழுதிய கடிதத்துக்கு, தங்கள் கருத்துக்கு நன்றி என்று ஒரு வரி வந்தது. ஆர்ப்பாட்டம் நடத்தினோம், எங்கள் சங்கக் கட்டடத்தின் முன்னால் நாங்களே நின்று எங்களையே பார்த்துக் கோஷம் போட்டுவிட்டுக் கலைந்தோம்.

மூன்று துப்பாக்கிக்காரர்களிடமும் மறுபடி போனோம். இன்ஸ்பெக்டர் போட்டிக்காக வடக்கே போயிருந்தார். டாக்டர் வீட்டுப் பிள்ளை தன்னுடையதை விற்றுவிட்டிருந்தார். மூன்றாமவர் கதவைப் பாதி திறந்து, உங்கள் பேட்டைக்கு வந்தால் என்னுடையதும் அப்படி ஆகிவிடும், கோபித்துக்கொள்ளாதீர்கள் என்று மூடிக்கொண்டார். அதற்கிடையில் வாலண்டினா தினம் காலையில் ஒரு குண்டு சுட்டாள். முந்தாநாள் குண்டு அட்டையை நெருங்கிக்கொண்டிருக்கும், நேற்றையது நடுவழியில் இருக்கும், இன்றையது அவள் முகத்துக்கு நேரே கிளம்பும். சுட்ட ஒவ்வொன்றும் அந்தப் புள்ளியில் போய்த்தான் விழுந்தது. அவ்வளவு நன்றாக அவள் அதற்கு முன்னால் சுட்டதேயில்லை.

தேர்வுக்கு ஒரு வாரம் முன்னால் சென்னைக்குப் போய் ரேஞ்ச் ஆபீசரைப் பார்த்தேன். ஓய்வுபெற்ற சுபேதார், மாணிக்கவேலு என்று பெயர், நல்ல மனிதர். என் மனுவை நின்றுகொண்டே முழுவதும் படித்தார். அவள் மூன்று நாள் முன்னதாக வந்து சுட அனுமதி வேண்டும், அல்லது சுட்ட பிறகு மூன்று நாள் காத்திருந்து மதிப்பெண் போட வேண்டும் என்று கேட்டிருந்தேன். நிறுத்து என்று ஆணை கொடுத்த பிறகு வருகிற எதுவும் கணக்கில் இல்லை என்பது விதி என்றார். அவள் நேரத்துக்குள் சுட்டுவிடுகிறாள், தாமதம் குண்டினுடையது, பெண்ணினுடையது அல்ல என்று நாற்பது வருஷத்து வாதத் திறமையையெல்லாம் கொட்டிப் பேசினேன். “சுட்டதுக்கு மார்க் இல்ல பெரியவரே, பட்டதுக்குத்தான் மார்க்” என்றார். விதியை மீறச் சொல்லி ஒருவரிடம் கெஞ்சியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை, எனக்கு அது சரியாக வரவும் இல்லை.

ஆனாலும் போனோம். வெள்ளிக்கிழமை காலை பத்து மணி, உள்ளரங்கம், எட்டுப் பெண்கள், எதிரே எட்டு மின் குறிகள், ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு சின்னத் திரை. மற்ற திரைகளில் குண்டு விழ விழ எண்கள் ஏறின. வாலண்டினாவின் திரை வெள்ளையாகவே இருந்தது. முதல் குண்டுக்குப் பிறகு நிறுத்திவிடுவாள் என்று நினைத்தேன், பத்தாவதுக்குப் பிறகு நிறுத்திவிடுவாள் என்று நினைத்தேன். அவள் திரையைப் பார்க்கவேயில்லை. ஒவ்வொரு தடவையும் துப்பாக்கியை இறக்கி, மூச்சை வாங்கி, மறுபடி அதே இடத்துக்குத் தூக்கி, முந்தைய குண்டின் பாவாடைக்குள் அடுத்த குண்டின் தலையைச் செருகினாள். அறுபதும் முடிந்து நிறுத்து என்ற ஆணை வந்தபோது, அவள் முகத்துக்கு நேரே ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான ஓர் ஈயக் குச்சி, நூல் பிடித்ததுபோல, ஒரு மயிரிழை கோணாமல், காற்றில் கிடந்து நகர்ந்துகொண்டிருந்தது.

மற்றப் பெண்கள் தங்கள் துப்பாக்கிகளை வைத்துவிட்டு வந்து சுற்றி நின்று பார்த்தார்கள். முதலிடத்துக்கு வந்திருந்த பெண் குனிந்து ஒரு கண்ணை மூடி, குச்சியின் பின்பக்கத்திலிருந்து குறியைப் பார்த்துவிட்டு, வாலண்டினாவின் கையைப் பிடித்துக்கொண்டாள், விடவில்லை. மாணிக்கவேலு தொப்பியைக் கழற்றிவிட்டார். அவரே போய்த் தேர்வுக் குழுவிடம் பேசினார், மூன்று நாள்தானே என்றார். அரங்கம் நாளையிலிருந்து பேட்மின்டன்காரர்களுக்கு, மின் குறிகள் இன்று மாலையே லாரியில் ஏறுகின்றன, முடிவு இன்றே போயாக வேண்டும் என்றார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, எங்களுக்கு டீ கொடுத்தார்கள். குண்டுகள் வழியில் உள்ளன என்று ஒரு வரியாவது குறிப்பில் எழுதுங்கள் என்றேன். எழுதினார்கள், பென்சிலில். முடிவு வாசிக்கும்போது ஏழு பெயர் வாசித்தார்கள். மதிப்பெண் இல்லாதவர் பெயரை வாசிக்கும் வழக்கம் இல்லையாம்.

பேருந்து நிலையத்தில் அஞ்சலை தண்ணீர் பாட்டில் வாங்கப் போனபோது வாலண்டினா சொன்னாள்: “எல்லாம் பத்துதான் பெரியப்பா.” எனக்குத் தெரியும் என்றேன். “திங்கக்கெழம அம்மாகூட உள்ள போறேன். சூப்பர்வைசர்கிட்ட அம்மா சொல்லிடுச்சி.” நீ போக வேண்டாம், மேல்முறையீடு இருக்கிறது, நுகர்வோர் மன்றம் இருக்கிறது என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், என்மேல் கோபம் இருக்கும் என்று நினைத்தேன், இல்லை, ஒரு வயதானவருக்குப் படியிறங்கக் கை கொடுப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. வண்டியில் ஏறிக்கொண்டாள். துப்பாக்கிப் பெட்டி அவள் மடியில் இருந்தது. நான் அவர்களோடு போகவில்லை, அரங்கத்துக்குத் திரும்பினேன்.

சனியும் ஞாயிறும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். காவலாளி முதலில் விரட்டினார், குச்சியைப் பார்த்த பிறகு நாற்காலி கொடுத்தார். பேட்மின்டன் ஆடியவர்கள் முணுமுணுத்துக்கொண்டே பக்கத்து ஆட்டக்களத்துக்கு மாறிக்கொண்டார்கள். ஒரு தடவை இறகுப்பந்து பறந்துவந்து குச்சியில் பட்டுக் கீழே விழுந்தது, குச்சி அசையவில்லை. சகாயமேரி என்ற துப்புரவுப் பெண் அதன் அடியில் குனிந்து பெருக்கிவிட்டுப் போனாள், மறுநாள் வந்து எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டாள்.

திங்கட்கிழமை காலை அது வந்து சேர வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. மின் குறி இருந்ததற்கு அடையாளமாகத் தரையில் நான்கு ஆணித் துளைகள் இருந்தன. அந்த இடத்தில் இரண்டு நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்று போட்டு ஒரு வெள்ளைக் காகிதத்தை விறைப்பாகக் கட்டினேன். பத்து மணி தாண்டியதும் முதல் குண்டின் மூக்கு காகிதத்தைத் தொட்டது, அதன் பின்னால் இரண்டாவது, அதன் பின்னால் மூன்றாவது, ஒன்றேகால் மணி நேரம் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே ஓட்டை வழியே போயின, ஓட்டை ஒரு நூல்கூட அகலமாகவில்லை. காவலாளி எண்ணினார், சகாயமேரி எண்ணினாள், ஆட்டத்தை நிறுத்திவிட்டு வந்த இரண்டு பேட்மின்டன் பையன்கள் எண்ணினார்கள், அறுபது. பையன்களில் ஒருவன், “சூப்பரா சுட்டிருக்காங்க, சென்டர்தானா சார் இது?” என்று கேட்டான். அது நடுவா இல்லையா என்று காட்டப் புள்ளியோ வட்டமோ அங்கே எதுவும் இல்லை. வெள்ளைக் காகிதத்தில் எந்த இடமும் நடுதான், எந்த இடமும் நடு இல்லை. குச்சி காகிதத்தைக் கடந்து சுவரைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் பேட்டையில் முதல் ஷிப்டுக்கு இடைவேளை மணி அடித்திருக்கும்.

நான் மகசர் எழுதினேன். நாள், இடம், நேரம், குண்டுகளின் எண்ணிக்கை, ஓட்டையின் எண்ணிக்கை, எல்லாம் எழுதிச் சாட்சிகள் நால்வரையும் கூப்பிட்டேன். கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் சாட்சிகளுக்குப் படித்துக் காட்ட வேண்டும், அதுதான் முறை. இதை எங்கே கொடுக்கப்போகிறீர்கள் என்று காவலாளி கேட்டார், தெரியவில்லை என்றேன். சகாயமேரி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்று, “யாருங்க சுட்டது?” என்றாள். எழுந்து நின்று, ஆயிரம் பேருக்குப் படிக்கிற குரலில் அந்த நான்கு பேருக்கும் முதல் வரியைப் படித்தேன்: “ஜெயவேலுவுக்கும் அஞ்சலைக்கும் மகள், வாலண்டினா.”